வீட்டில் ஒருவருக்கு மனம் பிறழ்கிறதோ என்ற சந்தேகமா? டெல்டாக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

இதை எழுதுகிற நான் மருத்துவர் இல்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், தம்பிக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் ஜோசியர், கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து, கடைசியில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்த ஒரு அக்கா. எந்த வாசலில் போய் நிற்பது, கையில் என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும், வரவே மாட்டேன் என்கிறவனை எப்படி வண்டியில் ஏற்றுவது என்று எங்களுக்கு யாரும் வரிசையாக எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சிப் பக்கம் இருக்கிற குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. "அவனுக்கே தோணட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போகலாம்" என்று காத்திருக்காதீர்கள். தனக்கு நோய் இருக்கிறது என்பதே தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி. கால் உடைந்தவனுக்கு வலிக்கும், அவனே வைத்தியத்துக்குக் கிளம்புவான். இதில் அப்படிக் கிடையாது. சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு மீண்டு வருவதும் மெதுவாகும். அதனால் முதல் அடியை வீட்டில் இருப்பவர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

1. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்

மருத்துவர்கள் சைக்கோசிஸ் அல்லது மனப்பிறழ்வு என்று சொல்கிற இந்த நிலை பெரும்பாலும் பதினைந்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டும். பெண்களுக்கு நாற்பதை ஒட்டியும் வருவது உண்டு. ஒரே நாளில் வருவது குறைவு. பல வாரம், பல மாதம் மெல்ல மெல்ல ஆள் மாறிக்கொண்டே போவார்.

முதலில் கெடுவது தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் நடப்பார், பகலில் சுருண்டு கிடப்பார். குளிப்பது, தலைவாருவது நின்றுபோகும். கூட்டாளிகள் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அரியர் வைக்கும், வேலைக்குப் போனவர் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவார். இதை மட்டும் வைத்து மனநோய் என்று சொல்லிவிட முடியாது. காதல் தோல்வி, கடன், பரீட்சை பயம், மனச்சோர்வு, கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பது என்று வேறு காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் இதோடு கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பார், அல்லது சொல்லாமலே அந்தக் குரலுக்குப் பதில் பேசுவார், தனியாகச் சிரிப்பார். எதிர்வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், தொலைக்காட்சியில் வருகிறவர் தனக்குச் சேதி சொல்கிறார், யாரோ பின்தொடர்கிறார்கள், மனதில் நினைப்பதை மற்றவர்கள் படித்துவிடுகிறார்கள் என்று உறுதியாக நம்புவார். தான் தெய்வப் பிறவி, ஊரைக் காப்பாற்ற வந்தவன் என்பவர்களும் உண்டு. பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், கேட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. சிலர் பேச்சையே நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

என் தம்பி சாப்பாட்டில்தான் ஆரம்பித்தான். அம்மா போட்ட சோற்றைத் தொடவில்லை. வாழைப்பழம், அவித்த முட்டை, இரண்டையும் தன் கையால் உரித்து மட்டும் சாப்பிட்டான். தோல் உரிக்காத பண்டத்தில் யாரும் எதையும் கலக்க முடியாது என்பது அவன் கணக்கு. அப்புறம் கைப்பேசியின் கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டினான். வயலில் பம்ப்செட் ஓடும்போது அந்த மோட்டார் சத்தத்துக்குள் தன் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வருவான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் கிடைத்தது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அவன் எவ்வளவு பயத்தில் இருந்தான் என்பது தெரியும்.

2. இவை இருந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்

குழப்பமான பேச்சு, இல்லாததைப் பார்ப்பது எல்லாமே மனநோயாக இருக்க வேண்டும் என்பதில்லை. உடம்பு நோயும் இப்படிக் காட்டும். அதனால் கீழே இருப்பவற்றுக்கு மனநல மருத்துவரின் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

காய்ச்சலோடு குழப்பம், கழுத்து விறைப்பு, வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வந்த மாற்றம் என்றால் மூளைக் காய்ச்சலா, ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால் அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை; மாலை போட்டுக் குடியை நிறுத்தியவர்கள் வீட்டில் இதைச் சாமி வந்ததாக எடுத்துக்கொள்கிற ஆபத்து இருக்கிறது. வயதானவர்களுக்கு ஓரிரு நாளில் புத்தி தடுமாறினால் சிறுநீர்த் தொற்றோ உப்புச்சத்துக் குறைவோகூடக் காரணமாக இருக்கும். கஞ்சா, போதை மாத்திரை பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், வைத்தியம் அதைப் பொறுத்து மாறும்.

பிரசவம் ஆன பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல், படபடவென்று பேசி, குழந்தை தன்னுடையது இல்லை என்றோ குழந்தைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்றோ சொன்னால், "பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கும்" என்று தாயத்து தேடிப் போகாதீர்கள். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீக்கிரம் போனால் நன்றாகவே குணமாகிற நோய் இது.

3. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இதற்குச் செலவு இருபது ரூபாய். ஆனால் எங்களுக்கு ஸ்கேனைவிட அதிகம் உதவியது இதுதான். மருத்துவரிடம் உங்களுக்குக் கிடைக்கப்போவது பத்து நிமிடம், கூட்ட நாளில் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் அம்மா அழுவார், அப்பா "நல்லா இருந்த பையன் சார்" என்பார், நோயாளியோ அங்கே மட்டும் கோர்வையாகப் பேசிவிடுவார். நோட்டு இருந்தால் நேராக எடுத்து நீட்டலாம்.

தேதி போட்டு எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார். "ஒரு மாதிரியா பேசினான்" என்று எழுதினால் பயன் இல்லை. அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சல், அடி, போதை ஏதாவது உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ நடந்திருக்கிறதா, இப்போது வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் முதல் பக்கத்தில் இருக்கட்டும். குடும்பத்தில் நடந்ததை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

அவர் கண்ணில் படாத இடத்தில் நோட்டை வையுங்கள். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று ஏற்கெனவே பயந்திருப்பவர் அதைப் பார்த்தால் உங்களிடமும் பேச்சை நிறுத்திவிடுவார்.

4. அவரிடம் எப்படிப் பேசுவது

குரல் கேட்கிறது என்பவரிடம் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று வாதாடாதீர்கள். ஆமாம், எனக்கும் கேட்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். அவருக்கு அது நிஜமாகவே கேட்கிறது. "எனக்குக் கேக்கலப்பா, ஆனா உனக்கு அது எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது" என்று சொன்னால் போதும். அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

ஆஸ்பத்திரிக்கு அழைக்கும்போது "பைத்தியம்" என்ற சொல் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. அவரே ஒத்துக்கொள்கிற சங்கடம் ஒன்று இருக்கும். தூக்கம் வரவில்லை, தலை கனக்கிறது, படபடப்பாக இருக்கிறது, ஏதோ ஒன்று. அதற்கு வைத்தியம் பார்ப்போம் என்று கூப்பிடுங்கள். அது பொய் இல்லை, அந்தத் தூக்கத்தை மருத்துவர் சரிசெய்யத்தான் போகிறார். ஆனால் கல்யாணத்துக்குப் போகிறோம், மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி அழைத்துப்போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால் அடுத்த முறை வண்டியிலேயே ஏற மாட்டார். வீட்டில் அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ஒருவர் மட்டும் பேசட்டும். எங்கள் வீட்டில் அது சின்ன அத்தை.

5. எங்கே போவது

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்னால் செய்யக்கூடியது, 14416 என்ற எண்ணுக்கு ஒரு போன். இது மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை, வீட்டார் பேசி வழி கேட்கலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் பார்க்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு நல்ல இடம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு வல்லம் சாலையில் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நகரத்துக்குள் இருக்கிற ராசா மிராசுதார் மருத்துவமனை வேறு, பேருந்தில் ஏறும்போதே கேட்டு ஏறுங்கள். பதற்றத்தில் இருப்பவரோடு ஒரு முறை இறங்கி மறுபடி ஏறுவது பெரும்பாடு. திருச்சியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்கள் அங்கிருக்கும் அரசு மருத்துவமனையிலேயே மனநல ஓ.பி. எந்த நாள் என்று கேளுங்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் விசாரித்து வையுங்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை போலத் தள்ளியிருக்கிற ஊர்க்காரர்களுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க இதுதான் அலைச்சல் இல்லாத வழி.

தனியாரிடம் போவதானால் மனநல மருத்துவர் வேறு, உளவியல் ஆலோசகர் வேறு என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்த நிலைக்கு முதலில் வேண்டியது மருந்து எழுதக்கூடிய மனநல மருத்துவர். ஆலோசனையின் முறை அடுத்தது. "கவுன்சலிங்" பலகையைப் பார்த்துப் போய், மாத்திரை எழுத முடியாதவரிடம் வாரக்கணக்கில் பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

6. என்ன கொண்டுபோவது, எவ்வளவு செலவு

நோயாளியின் ஆதார், கூட வருகிறவரின் ஆதார், இரண்டுக்கும் நகல். ரேஷன் கார்டு நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது. பழைய ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் ஒரு உறையில். மேலே சொன்ன நோட்டு. தண்ணீர் பாட்டிலும் அவர் நம்பிச் சாப்பிடுகிற ஏதாவதும் எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருப்பு நீளும். ஆதார் இல்லை என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அவசர சிகிச்சைக்கு யாரும் ஆதார் கேட்டு நிறுத்தக் கூடாது.

அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, மாத்திரையும் இலவசம். ஓ.பி. காலையில்தான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டியிலிருந்து போகிறவர்கள் முதல் பேருந்தைப் பிடித்தால்தான் சீட்டு போட்டு மதியத்துக்குள் பார்க்க முடியும். இரண்டு பேர் கூடப் போங்கள்; ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் அவரோடு மரத்தடியில் இருக்க. கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்தால் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் தன்னைப் பார்க்கிறார்கள் என்று எழுந்து போய்விடுவார். அவர் நிலை மோசமாக இருந்தால் அதைச் சீட்டு கொடுக்கிறவரிடமும் செவிலியரிடமும் சொல்லுங்கள், பல நேரம் முன்னால் அனுப்பிவிடுவார்கள்.

தனியாரில் ஆலோசனைக் கட்டணம் எங்கள் பக்கம் 500 ரூபாய்க்கு முன்பின் இருக்கும். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற வழக்கமான மாத்திரைகளின் விலை கம்பெனிக்குக் கம்பெனி பெரிதும் மாறும். அதே மருந்து மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலோ இருந்தால் மலிவாகக் கிடைக்கும், சீட்டோடு போய்க் கேளுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும். மனநோய் என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால் எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள்.

7. வீட்டில் எடுத்து மறைக்க வேண்டியவை

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. நம் பக்கத்து வீடுகளில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் திண்ணை மூலையிலோ மாட்டுக் கொட்டகையிலோ கிடக்கும், குறுவைக்கு வாங்கியது சம்பா வரைக்கும் பாதி டப்பாவாக நிற்கும். எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டுங்கள், முடிந்தால் வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். எலி மருந்து, அரிவாள், கயிறு, சேர்த்து வைத்த தூக்க மாத்திரை, மண்ணெண்ணெய் எல்லாம் இதில் சேரும். கிணற்றுக்கு மூடி போடுங்கள். ஆற்றங்கரை வீடு என்றால் ராத்திரி கதவுக்கு ஒரு மணி கட்டித் தொங்கவிடுங்கள்.

செத்துப்போகச் சொல்லியோ இன்னொருவரை அடிக்கச் சொல்லியோ குரல் கட்டளையிடுகிறது என்று அவர் சொன்னால் அது அவசரம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உண்டு என்றால் தனியாக விடாமல் 108.

8. வரவே மாட்டேன் என்றால், அல்லது அடிக்க வந்தால்

ஊரைக் கூட்டாதீர்கள். கத்துகிறவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் அவர் பயந்துபோய்த்தான் கை ஓங்குவார். தொலைக்காட்சியை அணைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, ஒருவர் மட்டும் மெதுவான குரலில் பேச வேண்டும். கதவை மறித்து நிற்கக் கூடாது, அவருக்கும் வழி இருக்க வேண்டும், உங்களுக்கும் வழி இருக்க வேண்டும். கட்டிப்போடுவது, அடிப்பது எதுவும் வேண்டாம். சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் கருகினார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வர மறுத்தால் நீங்கள் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். ஆளைப் பார்க்காமல் முழு வைத்தியம் செய்ய மாட்டார், ஆனால் என்ன செய்வது என்று வழி சொல்வார். காபியில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா என்று எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி வரும். மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவர் கண்டுபிடித்துவிட்டால், அவர் பயந்தது உண்மை என்று ஆகிவிடும், அப்புறம் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

ஆபத்து நெருங்கினால் 108, அதோடு காவல்துறைக்கு 112. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும், கவனிப்பாரின்றித் தெருவில் திரிபவரையும் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. போன் பண்ணும்போதே "இது மருத்துவ அவசரம், மனநலப் பிரச்சினை" என்று சொல்லுங்கள், திருட்டு கேஸ் மாதிரி வந்து இறங்காமல் இருப்பார்கள்.

9. உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டி வந்தால்

அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் சிக்கல் இல்லை. சம்மதிக்கும் நிலையில் இல்லாதபோது மேலே காப்பீட்டுக்குச் சொன்ன அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இருக்கிறது. அவரால் நியமிக்கப்பட்ட பிரதிநிதி, அப்படி யாரும் இல்லாவிட்டால் உறவினர், விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று எழுத வேண்டும். அதிகபட்சம் 30 நாள். அதற்குமேல் வைக்க வேறு நடைமுறை, மனநல மறுஆய்வு வாரியத்தின் பார்வைக்குப் போகும். அவசரத்தில் 72 மணி நேரம் வரை சிகிச்சை கொடுக்க எந்த மருத்துவரும் சட்டப்படி முடியும்.

விண்ணப்பம் கொடுக்கிற உறவினரின் அடையாள அட்டை அசல் கேட்பார்கள். கூட ஒருவர் தங்க வேண்டியிருக்கும், அதற்கு வீட்டில் முறை போட்டு வையுங்கள். தங்குகிறவருக்கான சாப்பாடு, பேருந்து, வேலைக்குப் போகாத நாளின் கூலி, அரசு மருத்துவமனையில் உண்மையான செலவு இதுதான்.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்டார்கள், உள்ளே வந்து பார்க்க அனுமதி இல்லை, எந்த மருத்துவர் என்று கேட்டதற்குப் பெயர் சொல்லவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டோம். மனநோயாளிகளைத் தங்க வைக்கிற எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் சேர்க்காதீர்கள்.

10. மாத்திரை தொடங்கிய பிறகு

இங்கேதான் நிறைய வீடுகள் சறுக்குகின்றன, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தூக்கமும் பதற்றமும் சில நாளிலேயே சரியாகத் தொடங்கும். குரலும் சந்தேகமும் குறைய வாரக்கணக்காகும். "பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியல" என்று மருத்துவரை மாற்றாதீர்கள். பக்கவிளைவு உண்டு; தூக்கக் கலக்கம், கை நடுக்கம், வாயில் எச்சில் ஒழுகுவது, உட்கார முடியாமல் கால் பரபரப்பது, எடை கூடுவது. பெரும்பாலானவற்றை அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யலாம், மருத்துவரிடம் சொன்னால்தான் அது நடக்கும். எடையும் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகிக்கொள்வது, நாக்கு வெளியே தள்ளுவது முதல் சில நாளில் சிலருக்கு வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பேய் பிடித்தது என்பார்கள். ஊசி போட்டால் சீக்கிரத்தில் சரியாகிவிடும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதிகக் காய்ச்சலோடு உடம்பு விறைத்து நினைவு தடுமாறினால் அது வேறு, உயிராபத்து; ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டோடு.

நன்றாக ஆனதும் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். முதல் முறை வந்தவருக்கே ஒன்று இரண்டு வருடம் தொடரச் சொல்வது வழக்கம். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் மட்டும் முடிவு செய்ய வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிட அடம் பிடிப்பவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, நீங்களாகக் கேளுங்கள்.

இந்த நேரத்தில்தான் யாராவது ஒரு பெரியவர் "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார். தயவுசெய்து வேண்டாம். கல்யாண அலைச்சலும் தூக்கமின்மையுமே நோயைத் திரும்பக் கூட்டிவரும், மறைத்துக் கட்டிவைத்தால் இரண்டு பேர் வாழ்க்கை கெடும். அவர் தேறி, தானே விரும்பி, எதிர்ப்பக்கத்துக்கு எல்லாம் சொல்லி நடக்கிற கல்யாணத்தை யாரும் தடுக்கவில்லை.

11. கோயிலும் தர்காவும்

நம் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் நாகூர் தர்காவுக்கும் மனம் சரியில்லாதவர்களை அழைத்துப்போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எங்கள் அம்மா குணசீலத்தில் வேண்டிக்கொண்டுதான் தூங்கினார், அந்த நம்பிக்கை அவரைத் தாங்கிப் பிடித்தது. போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு வேளையும் விடாமல். செய்வினை எடுக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும், வேப்பிலையால் அடித்துச் சூடு போடுகிறவரிடமும், "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினாத்தான் இது வேலை செய்யும்" என்பவரிடமும் போகாதீர்கள்.

12. சான்றிதழ்கள்

கல்லூரியில் படிப்பவர் என்றால் சிகிச்சை தொடங்கிய வாரத்திலேயே மருத்துவச் சான்று வாங்கி வருகைப் பதிவுக்காகத் துறைத்தலைவரிடம் கொடுங்கள், பரீட்சைக்கு முன்னால் ஓடினால் நடக்காது. வேலைக்குப் போகிறவருக்கும் அப்படித்தான்.

நோய் நீடித்தால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது, 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, சிகிச்சைப் பதிவுகள் வேண்டும், பழைய ஓ.பி. சீட்டுகளைச் சேர்த்து வைத்தது இங்கேதான் கை கொடுக்கும். இணையத்தில் பதிவு செய்த பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். இடைத்தரகர் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சொத்து, காப்பீடு, சேர்க்கை விஷயத்தில் வக்கீல் உதவி தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும், எண் 15100.

13. மழைக்காலத்துக்கு முன்னால்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். அப்படி ஒரு வாரம் வந்தால் மாத்திரை நின்றுவிடும். ஐப்பசி பிறக்கும் முன்னால் மருத்துவரிடம் சொல்லிக் கூடுதலாகப் பத்து நாள் மாத்திரை வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, வீட்டில் சாவி வைத்திருக்கிறவர் பொறுப்பில் உயரத்தில் வையுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் ஓ.பி. இருக்காது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் கைப்பேசியில் வைத்திருங்கள். வெளியூரில் மாட்டிக்கொண்டால் அங்கிருக்கும் அரசு மருத்துவமனையில் அந்தப் படத்தைக் காட்டி மருந்து கேட்கலாம்.